அருவியை எடுத்துவிட்டு அக்காவை வைத்தோம்

எண்பதுகளின் பின்பாதியில் மலேசியாவில் ஈப்போவுக்கும் பத்து காஜாவுக்கும் நடுவே ஓடிய பேருந்தில் நான் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தேன். பயணிகளின் பேச்சைக் கேட்பதுதான் என் உண்மையான வேலை, டிக்கெட் கிழிப்பது அதற்கு ஒரு சாக்கு என்று என் மனைவி சொல்வாள். பொய்யில்லை. ஒரு சீனக் கிழவர் தினமும் ஏறும்போது, "நீ இன்னும் சாகலையா?" என்று தமிழில் கேட்பார். அது அவருடைய வணக்கம். "உங்களை இறக்கிவிட்டுட்டுத்தான் அண்ணே" என்பேன். அது என்னுடைய பதில் வணக்கம்.

அந்தப் பேருந்தில்தான் ஒருநாள் அக்கா ஏறினார். கூடப்பிறந்த அக்கா இல்லை. ரப்பர்த் தோட்டத்தில் எங்கள் லயத்து வீடும் அவர் வீடும் ஒரே சுவரைப் பங்கு போட்டவை. நான் ஈப்போவுக்குக் குடிவந்து பல காலமாகியும் அவர் அங்கேயே பால் வெட்டிக்கொண்டிருந்தார். மடியில் துண்டில் சுற்றிய ஒரு பொட்டலம். பிள்ளை பெற்றவள் ஆஸ்பத்திரியிலிருந்து வருகிற மாதிரி அதை அணைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"என்னாக்கா அது?"

"டேப்பு. இதுல நான் இருக்கேனான்னு பாத்துச் சொல்லு தம்பி. இருக்கேன். ஆனா காட்ட மாட்டேங்குது."

அவர் மகளின் கல்யாணத்துக்கு நானும் போயிருந்தேன், அதனால் எந்த டேப்பு, என்ன வழக்கு என்று விளக்கவேண்டி இருக்கவில்லை. படிக்கிறவர்களுக்கு விளக்கவேண்டும்.

அக்கா இளம் வயதிலேயே கணவனை இழந்தவர். மரம் விழுந்து போனார் மனிதர். மகள் அப்போது தவழ்ந்துகொண்டிருந்தாள். அந்தப் பிள்ளையைத் தனி ஆளாக வளர்த்து, ஈப்போவில் தொழிற்சாலை வேலைக்கு அனுப்பி, அங்கேயே வேலை பார்த்த ஒரு நல்ல பையனுக்குக் கட்டிக்கொடுத்தார். பையனின் சொந்தமெல்லாம் ஹுத்தான் மெலிந்தாங் பக்கம். கல்யாணம் தோட்டத்துக் கோயிலில் நடந்தது. பெண்ணின் கையை மாப்பிள்ளை கையில் வைத்துத் தண்ணீர் ஊற்றித் தாரை வார்க்கும் நேரம் வந்தது. தகப்பன் இல்லாத பெண்ணுக்கு மாமனும் மாமியும் ஜோடியாக நின்று வார்ப்பது எங்கள் பக்கத்து வழக்கம். தாலியறுத்தவள் மணவறைக்குப் பக்கத்திலேயே வரக்கூடாது.

அக்கா செம்பைக் கையில் எடுத்துக்கொண்டு மணவறையில் ஏறினார்.

மாப்பிள்ளையின் பெரியப்பா, பட்டுத்துண்டு போட்டவர், குரலை உயர்த்தினார். "என்னம்மா இது? நல்ல காரியம் நடக்குற இடம்."

"நல்ல காரியம்னுதான் நானும் வந்திருக்கேன்."

"முறைன்னு ஒன்னு இருக்குல்ல?"

"இருக்கு. இருட்டோட எழும்பிப் பால் வெட்டப் போனப்ப இவளைத் தூளியில போட்டுட்டுப் போனேனே, அப்ப எந்த முறை வந்து ஆட்டுச்சு? ஒரு நாள் வந்து ஆட்டியிருந்தா சொல்லுங்க, இறங்கிர்றேன்."

ஐயர் மந்திரத்தைப் பாதியில் விழுங்கிவிட்டு மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை கையை நீட்டினான். அக்கா தண்ணீரை ஊற்றினார். ஊற்றி முடித்ததும் பெரியப்பா வீட்டுப் பெண்கள் இருவர் அவரைத் தோளைப் பிடித்துப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார்கள். தாலி கட்டும்போது அவர் கூட்டத்துக்குப் பின்னால், தூணுக்கு அந்தப்பக்கம். எக்கி எக்கிப் பார்த்தார். நாதஸ்வரச் சத்தத்தை வைத்துத்தான் தாலி ஏறிவிட்டது என்று தெரிந்துகொண்டார்.

ஆனாலும் வார்த்தது வார்த்ததுதானே. அதை யாரும் திரும்ப அள்ள முடியாது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். வீடியோக்காரரை மறந்துவிட்டோம்.

வீடியோக் கடையிலிருந்து டேப் வந்தது. அழைப்பிதழ், கோயில் கோபுரம், மாப்பிள்ளை அழைப்பு, பெண் அழைப்பு, எல்லாம் வரிசையாக. பிறகு மாப்பிள்ளை கையை நீட்டுகிறான். நீட்டியதும் திரை இதய வடிவத்தில் சுருங்குகிறது. சுருங்கி விரிந்தால் ஓர் அருவி கொட்டுகிறது! எந்த நாட்டு அருவியோ. பக்கத்தில் ரோஜாப்பூ ஒன்று தானாக மலர்கிறது. அருவி கொட்டி முடிந்தால் தாலி.

பெரியப்பாதான் சொல்லி வெட்ட வைத்திருந்தார். அந்த டேப்புக்குப் பிரதிகள் எடுத்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் கொடுத்துமாகிவிட்டது.

"நான் ஊத்துன தண்ணி எங்கடான்னா அருவியக் காட்டுறான்" என்றார் அக்கா, பேருந்தில், எல்லாருக்கும் கேட்க. "நாளைக்கு என் பேரப்புள்ள இதைப் பாத்துட்டு, எங்கம்மாவ யாரு தாரை வாத்துக் குடுத்தாங்கன்னு கேக்கும். அருவின்னு சொல்லவா?"

பின்சீட்டில் ஒருவர் சிரித்துவிட்டு உடனே நிறுத்திக்கொண்டார். அக்கா சிரிக்கவில்லை.

மடியில் இருந்தது வேறு டேப். அக்காவின் தம்பி கல்யாணமாகாதவர், கப்பலில் வேலை செய்பவர். ஜப்பான் துறைமுகத்தில் வாங்கிய கேமராவோடு கல்யாணத்துக்கு வந்து, மணவறைக்கு மிக அருகில் நின்று, தாரை வார்ப்பதிலிருந்து தாலி வரை எடுத்திருந்தார். டேப்பை அக்கா கையில் கொடுத்துவிட்டுக் கேமராவோடு கப்பல் ஏறிவிட்டார். அந்த டேப்பை மகள் வீட்டு மெஷினில் போட்டுப் பார்த்தார்கள். படம் கறுப்பு வெள்ளையில் கோடு கோடாகக் கிழிந்து உருண்டு ஓடியது. ஒரு முகமும் நிற்கவில்லை.

அங்கே உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் சித்தி சொன்னாராம்: "பாத்தியா, அவ கை பட்டது, டேப்பே ரோசாக் ஆயிருச்சு, கெட்டுப்போச்சு. சாமிக்கே காட்டப் பிடிக்கலை."

இதுதான் அக்காவைக் குத்தியது. வெட்டியவன் மனிதன், அவனோடு சண்டை போடலாம். டேப் தானாகவே கெட்டது என்றால் அதற்குக் காரணம் அவர் கை. அந்தச் சொல் பேரப்பிள்ளை காலம்வரை நிற்கும். எனக்கு அதைக் கேட்டதும் காது சூடானது. பெட்டியிலிருந்த சில்லறை குலுங்க, "அக்கா, இந்த டேப்பை நான் ஓட வைக்கிறேன்" என்றேன். எப்படி என்று எனக்கே தெரியாது.

எனக்கு வீடியோ பைத்தியம் உண்டு. பழைய மெஷின் ஒன்று, அதைவிடப் பழையது இன்னொன்று. ஒன்றில் ஓட்டி மற்றதில் பதிந்து, நடுவே வேண்டாததை விட்டு, வேண்டியதைச் சேர்த்து, அக்கம்பக்கத்துப் பிறந்தநாள்களையும் காதுகுத்துகளையும் ஒழுங்குபடுத்திக் கொடுப்பேன். யாரும் சொல்லித்தரவில்லை. கெடுத்துக் கெடுத்துக் கற்றுக்கொண்டது. இப்போது கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, கேமராவில் எடுத்த கோப்பை இந்த வகையிலிருந்து அந்த வகைக்கு மாற்றினால்தான் வெட்டி ஒட்ட முடியும் என்று பிள்ளைகள் அலுத்துக்கொள்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரும். நாங்கள் வகை மாற்றிய விதத்தைக் கேளுங்கள்.

அன்று மாலை வீட்டில் துண்டைப் பிரித்தேன். டேப்பின் மேல் சந்தனம், நடுவில் குங்குமம், ஓரத்தில் திருநீறு. சித்தி சொன்ன சொல்லுக்குப் பயந்து, அக்கா அதைச் சாமி மேடையில் வைத்துப் பொட்டிட்டுக் கும்பிட்டிருக்கிறார். புது லாரிக்குச் செய்வது மாதிரி! மெஷினில் போட்டால் கோடுகூட வரவில்லை. ஒரே பனிமழை. குங்குமத்தூள் உள்ளே போய்ப் படம் படிக்கும் தலையை அடைத்திருந்தது.

"சாமிய உள்ள விட்டா படம் எங்கேருந்து வரும்?" என்றாள் என் மனைவி.

டேப்பின் திருகாணிகளைக் கழற்றி, அவளுடைய பவுடர்ப் பஞ்சால் தூளை ஒற்றி எடுத்தேன். மெஷினின் தலையையும் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். திரும்பப் போட்டதும் மகள் வீட்டில் வந்த அதே கறுப்பு வெள்ளைக் கோடுகள் வந்தன. அப்பாடா என்றிருந்தது. குங்குமம் நிரந்தரமாக எதையும் கெடுக்கவில்லை. கோடு வேறு நோய்.

முதலில் ஈப்போ வீடியோக் கடைக்கே அக்காவை அழைத்துப்போனேன். வெட்டிய பகுதி இருக்கிறதா என்று கேட்டோம்.

"அந்த டேப்பு மேலேயே வேற கல்யாணம் எடுத்தாச்சு" என்றார் கடைக்காரர். "அருவி நல்லாத்தானே இருக்கு? எல்லாருக்கும் போட மாட்டேன்மா நான்."

கப்பல்காரர் டேப்பை நீட்டினோம். போட்டுப் பார்க்காமலே உதட்டைப் பிதுக்கினார். "ஜப்பான் கேமராவா? அவன் படம் பதியுற முறை வேற, நம்ம நாட்டு முறை வேற. மாத்துற மெஷின் கோலாலம்பூர்லதான். அனுப்புனா எப்ப வரும்னு சொல்ல முடியாது. விடுங்கம்மா. கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுதில்ல?"

"முடிஞ்சுது. நான் இல்லாம முடிஞ்ச மாதிரி முடிச்சு வச்சிருக்கீங்க."

வெளியே வந்ததும் அக்கா கேட்டார்: "அப்ப என் கை இல்ல?"

"இல்லக்கா. ஜப்பான்காரன் முறைக்கு வேற பேரு. நம்ம டிவி முறைக்கு இங்கிலீஷ்ல பால்னு பேரு."

"பாலா? அப்ப நாமதான் வெட்டணும்" என்று சொல்லி, அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாகச் சிரித்தார்.

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் நான் வழக்கமாகத் தேநீர் குடிக்கும் மாமாக் கடை, தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக்கடை, ஒன்று இருந்தது. கடைக்கார பாய்க்குச் சொந்தக்காரர்கள் பல நாடுகளில். வருகிறவர்கள் கொண்டுவரும் டேப்பெல்லாம் ஓடவேண்டும் என்று, எந்த முறையில் பதிந்தாலும் காட்டுகிற டிவியும் மெஷினும் வாங்கி வைத்திருந்தார். வீடியோக் கடைக்காரர் வாயிலிருந்து 'முறை' என்ற சொல்லைக் கேட்டபிறகுதான் எனக்கு அது உறைத்தது. நேராக அங்கே போனோம்.

ரொட்டி சானாய் தின்றுகொண்டிருந்தவர்களுக்கு நடுவே டேப்பைப் போட்டார் பாய். ஏதோ ஒரு பொத்தானை அழுத்தினார். கோடுகள் நடுங்கி, ஒன்றின்மேல் ஒன்று படிந்து, திடீரென்று நிறம் வந்தது. மணவறை. வாழைமரம். மாப்பிள்ளையின் நீட்டிய கை. செம்பைச் சாய்க்கும் இன்னொரு கை, பால்கறை ஏறிய விரல்கள்.

கடையில் சாப்பிட்டவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒருவர், "என்னா படம் பாய் இது? கதாநாயகி யாரு?" என்றார்.

பாய் கரண்டியால் அக்காவைக் காட்டினார். "இதோ உக்காந்திருக்காங்க."

அக்கா திரையையே பார்த்தார். அவர் என்ன சொல்வாரோ என்று காத்திருந்தேன்.

"என்னா இவ இவ்வளவு குள்ளமா இருக்கா" என்றார்.

ஆனால் பாய் கடை டிவியில் ஓடினால் போதாது. அந்த ஆண்டு தலை தீபாவளி. மகளும் மருமகனும் தோட்டத்துக்கு வருவார்கள். பெரியப்பா, சித்தி எல்லாரும் ஒரு வேன் பிடித்துக் கூடவே வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அக்கா வீட்டில், அக்கா டிவியில், கல்யாண டேப்பை முழுசாகப் போடவேண்டும், அருவி இருந்த இடத்தில் அவர் இருக்கவேண்டும். அதுதான் அவர் கேட்டது. வேறு ஒன்றும் கேட்கவில்லை.

மாற்றுகிற மெஷின் இல்லாதவனுக்கு ஒரே வழிதான். பாய் கடை டிவியில் படத்தை ஓட்டி, நம் நாட்டு முறையில் பதியும் கேமரா ஒன்றை அதன் முன்னால் நிறுத்தி, திரையையே படம் பிடிப்பது. கேட்டால் வீடியோக் கடைக்காரர் சிரித்திருப்பார். சிரிக்கட்டும். கேமராவுக்கு எங்கே போவது என்று யோசித்தபோது, மாப்பிள்ளையே ஒரு நண்பனிடம் கேட்டு வாங்கிக்கொண்டு வந்து நின்றான்.

"உங்க பெரியப்பாவுக்குத் தெரிஞ்சா?" என்றேன்.

"கைய நீட்டுனது நான்தானே அண்ணே. என் கையையும் சேத்துத்தான் வெட்டியிருக்காங்க."

வெள்ளிக்கிழமை மதியம் பாய் கடையைச் சாத்திவிட்டுத் தொழுகைக்குக் கிளம்பினார். "நான் வாரதுக்குள்ள முடிச்சிருங்கலா. வந்தா பசியோட ஒரு கூட்டம் பின்னாலேயே வரும்" என்று சாவியை என் கையில் கொடுத்தார். கதவைச் சாத்தி, சன்னல்களில் மாவு மூட்டைச் சாக்குகளைத் தொங்கவிட்டேன். மேசைமேல் மேசை போட்டுக் கேமராவை நிறுத்தினேன். மாப்பிள்ளை மெஷின் பக்கம். அக்கா கேமராவுக்குப் பக்கத்தில், கைகளைக் கட்டிக்கொண்டு. ஓட்டினோம்.

படம் பதிந்தது. ஆனால் இரண்டு நாட்டு முறையும் ஒத்துப்போகாமல், நிழல் பட்டை ஒன்று திரையின் அடியிலிருந்து மெல்ல மேலே ஏறிக்கொண்டே இருந்தது. கேமராவைச் சாய்த்தேன், தள்ளினேன், வெளிச்சத்தைக் கூட்டினேன், குறைத்தேன். போகவில்லை. "ஏறட்டும் விடுங்க, ஆள் தெரியுதுல்ல" என்றான் மாப்பிள்ளை. பாய் திரும்பி வரும் சத்தம் கேட்டது. சாக்குகளை இறக்கினோம்.

வீட்டில் என் இரண்டு மெஷின்களையும் கம்பியால் இணைத்து உட்கார்ந்தேன். கடைக்காரர் டேப்பை ஒன்றில் ஓட்டி, மற்றதில் பதிந்துகொண்டே வந்து, மாப்பிள்ளை கையை நீட்டுமிடத்தில் நிறுத்தவேண்டும். இதயம் சுருங்க ஆரம்பிக்கும் முன்னால். என் மெஷின் நிறுத்து என்றால் உடனே நிற்காது, கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் நிற்கும். அதன் யோசனையையும் கணக்கில் வைத்து முந்தியே அழுத்தவேண்டும். முதலில் இதயம் பாதி வந்துவிட்டது. பிறகு மாப்பிள்ளைக்குக் கையே இல்லாமல் போனது. கடைசியில் பொருந்தியது. அருவியையும் ரோஜாவையும் விட்டுவிட்டு, பாய் கடையில் எடுத்ததைத் தாலி வரை அங்கே பதிந்தேன்.

அப்போதுதான் மனைவி திரைக்கு அருகில் போய்க் குனிந்தாள். "இங்க பாருங்க. யாரோ நிக்கிறாங்க."

படத்தில் இருட்டான இடம் வரும்போதெல்லாம், மணவறைக்குக் குறுக்கே, ஓர் உருவம். வெளிர் சேலை. கட்டிய கைகள். ஒரு நொடி பேய் என்றே நினைத்தேன். பிறகு புரிந்தது. பாய் கடை டிவியின் கண்ணாடியில் அக்காவின் பிரதிபலிப்பு விழுந்திருக்கிறது! சாக்கு வழியாகக் கசிந்த வெளிச்சத்தில் அவருடைய வெளிர் சேலை மட்டும் தெரிந்திருக்கிறது. நிழல் பட்டையோடு மல்லுக்கட்டிய அவசரத்தில் நான் கவனிக்கவில்லை. தண்ணீர் ஊற்றும்போது படத்துக்குள் ஓர் அக்கா, கண்ணாடியில் ஓர் அக்கா. தாலி கட்டும் இடத்தில், எல்லாரும் மாப்பிள்ளையைச் சுற்றி நெருங்கி நிற்க, அவர்கள் அத்தனை பேரின் நடுவிலும் அவர் நின்றார்.

வேலை கெட்டது என்றுதான் நினைத்தேன். மறுநாள் பேருந்தில் அக்காவிடம் சொன்னேன். இன்னொரு வெள்ளிக்கிழமை பாயிடம் கேட்டு, நீங்கள் வெளியே நின்றுகொள்ளுங்கள், சுத்தமாக எடுத்துவிடலாம் என்றேன்.

"தாலி கட்டுறப்பவும் தெரியுறேனா?"

"அங்கதான்க்கா நல்லாத் தெரியுறீங்க."

அக்கா சன்னலுக்கு வெளியே பார்த்தார். ஈயம் தோண்டும் லம்பம் ஒன்று ஓரத்தில் ஓடி மறைந்தது. "அன்னிக்கு என்னைப் பின்னால தள்ளுனாங்க. இப்ப நீயும் வெளிய நில்லுங்கிறே."

நான் பெட்டியிலிருந்த சில்லறையை எண்ணத் தொடங்கினேன்.

"இருக்கட்டும்லா" என்றார். "நான் எங்கேயும் போறதா இல்ல."

நானும் மாற்றவில்லை. சுத்தமான படம் யாருக்கு வேண்டும்? சுத்தமான படம்தான் கடைக்காரர் கொடுத்தாரே, அருவியோடு.

தீபாவளியன்று காலை எண்ணெய்ப் பலகாரங்களோடு நானும் மனைவியும் தோட்டத்துக்குப் போனபோது, வேன் ஏற்கெனவே லயத்து வாசலில் நின்றது. பெரியப்பா நல்ல நாற்காலியில், டிவிக்கு நேர் எதிரே. பக்கத்தில் சித்தி. மகளும் மாப்பிள்ளையும் பாயில். லயத்து ஆட்கள் வாசலிலும் சன்னலிலும். அக்கா டேப்பைத் தன் கையாலேயே மெஷினில் தள்ளினார். பொட்டு வைக்கவில்லை.

கோபுரம் வந்தது. அழைப்பு வந்தது. பெரியப்பா தன் பட்டுத்துண்டைத் திரையில் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். மாப்பிள்ளை கையை நீட்டினான். பெரியப்பா முறுக்கை எடுத்தார், அருவி வரும் என்று.

படம் ஒரு குலுங்கு குலுங்கி, பட்டை ஒன்று மேலே ஏற, செம்பிலிருந்து தண்ணீர் விழுந்தது. மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். சன்னலில் நின்ற யாரோ, "அடி சக்கை!" என்றார்கள். முறுக்கு பெரியப்பா கையிலேயே நின்றது.

"யாரு இதைச் சேத்தது?"

நான் சொல்லலாமென்று வாயைத் திறந்தேன். மனைவி காலை மிதித்தாள்.

சித்திதான் அடுத்துப் பேசினார், குரல் இறங்கி. "அது என்னா, தாலி கட்டுறப்ப குறுக்க? யாரோ நிக்கிற மாதிரி..."

அக்கா அடுப்படியிலிருந்து தேநீர்த் தட்டோடு வந்தார். அன்றும் அதே வெளிர் சேலைதான். திரையைப் பார்க்கவேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை.

"நான்தான், சம்பந்தி. தேத்தண்ணி எடுத்துக்குங்க."

பெரியப்பா எழுந்தார். கோபத்தில் வேனுக்குப் போவதா, மெஷினை நிறுத்துவதா என்று அவருக்கே தெரியவில்லை போல. திரைக்கும் எங்களுக்கும் நடுவே அப்படியே நின்றார்.

பாயில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை, மரியாதை குறையாமல், கழுத்தை மட்டும் ஓரமாக நீட்டிச் சொன்னான்:

"பெரியப்பா, கொஞ்சம் தள்ளி நிக்கிறீங்களா? அத்தை தெரியலை."